படிக்காமல் போடாத கையெழுத்து

தளேகாவ் என்னும் ஊரில் எங்கள் தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்த அமெரிக்கர், அந்நாட்டின் தென்மாநிலக் கிராமமொன்றில் பிறந்த கறுப்பினத்தவர். நரைத்த தாடி, நல்ல உயரம். வருகைச் சீட்டைக்கூட வரிவரியாகப் படித்துத்தான் கையெழுத்திடுவார்.

"நம்மள ஏமாத்துக்காரங்கன்னு நினைக்கிறார் சார்" என்றார் எங்கள் மேஸ்திரி. எனக்கும் எரிச்சல்தான். ஒருநாள் அமெரிக்கரிடமே கேட்டேன்.

"எங்க நாட்டுல உள்நாட்டுப் போர் முடிஞ்சதும் எங்க முப்பாட்டன் அடிமை இல்லன்னு ஆச்சு. பழைய எஜமான் ஒரு காகிதத்தை நீட்டினார். இவருக்குப் படிக்கத் தெரியாது. விடுதலைப் பத்திரம்னு நம்பிக் கீறல் போட்டார். அதே பருத்திக் காட்டுலயே வேலை செய்யணும், அனுமதியில்லாம வெளியே போகக்கூடாதுன்னு அதுல எழுதியிருந்தது."

என் மேசையில் பீகார்த் தொழிலாளர்கள் கைநாட்டு வைத்த ஆங்கில ஒப்பந்தங்கள் கிடந்தன. அவற்றைப் பார்த்தார்.

"இவங்களுக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

"காட்டினேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது பொய். அவருக்கு அது தெரிந்துவிட்டதா என்று இன்றும் யோசிக்கிறேன்.