ரிஜெக்ட் அரிசி

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில், செக்கிங் மேசைக்கு எத்தனை பேர் வந்து போனாலும், கலைமகளின் கண்ணுக்குத் தனி மரியாதை உண்டு. ஊசி முனை அளவு ஓட்டையானாலும், தையல் ஒரு நூல் பிசகினாலும், பீஸ் அவள் கையைத் தாண்டாது. மற்றவர்கள் பாஸ் செய்த கட்டிலிருந்தும் ஒன்றை உருவிப் போடுவாள். சூப்பர்வைசருக்கு அதில் எரிச்சல், முதலாளிக்கு நிம்மதி.

அதே கண்தான் ரேஷன் அரிசியிலும் வேலை செய்தது. கொஞ்ச காலமாக அரிசியோடு வேறு மணிகளும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலந்து வந்தன. பார்வைக்கு அரிசிதான், ஆனால் நிறம் ஒரு மாற்றுக் குறைவு. களைந்தால் மிதந்தன. பிளாஸ்டிக் அரிசி என்று, ஒட்டி ஒட்டி வரிசையாக இருந்த லைன் வீடு முழுக்கப் பேச்சு. கலைமகள் முறத்தில் பரப்பி ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பக்கத்து வீட்டு ரங்காத்தாளும் தன் அரிசியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பொறுக்கியதெல்லாம் ரங்காத்தாளின் கோழிகளுக்குப் போயிற்று.

கலைமகளின் மகள் கிருத்திகா பதினொன்றாம் வகுப்பு. கபடியில் ரைடு போனால் பிடிப்பது கஷ்டம். மாவட்ட அணிக்கு அவள் பேர் அடிபட்ட சமயத்தில் பள்ளியில் ரத்தம் சோதித்தார்கள். ரத்தம் குறைவு, அது ஏறாமல் களத்தில் இறக்க முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவள் மூச்சு வாங்கியதையும் தலை சுற்றியதையும் படிப்புச் சோர்வு என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள்.

கலைமகளுக்கு அது மானக்கேடாகப் பட்டது. அவளும் கணவன் முருகவேலும் ஆளுக்கொரு கம்பெனியில் உழைத்து, குறையில்லாமல் சோறு போடுகிற வீடு. வெள்ளைச் சோறு, ரசம், ஊறுகாய், உண்ட கையோடு டீ. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சத்து மாத்திரை கொடுக்க நர்ஸ் நதியா வீட்டுக்கு வந்தபோது, கலைமகள் முறமும் கையுமாக இருந்தாள். ரங்காத்தாளும் பக்கத்தில் இருந்தாள்.

"என்னங்க்கா பொறுக்கறீங்க?"

"பிளாஸ்டிக்குங்க சிஸ்டர். ஒண்ணு தப்பாதுங்க."

ஒதுக்கி வைத்த மணிகளில் இரண்டை எடுத்து நதியா வாயில் போட்டு மென்றாள். பிறகுதான் விளக்கினாள். அரிசி மாவில் இரும்புச்சத்தைக் கலந்து, சந்தகை பிழிவதுபோல் அச்சில் பிழிந்து, அரிசி அளவுக்கு வெட்டிய மணிகள் அவை, லேசானதால் மிதக்கும். ரத்தம் குறைந்தவர்களுக்காகவே ரேஷன் அரிசியில் சேர்க்கிறார்கள்.

ரங்காத்தாள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. "அப்ப உம்மவளுக்குப் போக வேண்டியதத் தின்னுட்டுத்தான் எங்கூட்டுக் கோழி இந்த ஆட்டம் ஆடுதாக்கும்."

கலைமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ரிஜெக்ட் பீஸத் தெரிஞ்சே பெட்டிக்குள்ள போடச் சொல்றீங்களா சிஸ்டர்?"

"நீங்க வீசுனதுதானுங்க்கா நல்ல பீஸு."

அரிசியை மட்டும் நம்பினால் ஆகாது என்றும் நதியா சொன்னாள். கம்பு, முருங்கைக்கீரை, பாசிப்பயறு, முட்டை என்று மாறி மாறித் தட்டில் விழ வேண்டும், சாப்பிட்டதும் டீ கூடாது, அது இரும்புச்சத்தை உடம்பில் ஒட்ட விடாது. கலைமகள் கம்பு மாவைத் தோசையில் கலந்தாள். சுவர் பூசற சிமெண்டு நிறத்தில் இருக்கிறது என்று கிருத்திகா முகம் சுளித்தாள், பிறகு தேங்காய்ச் சட்னிக்காகத் தின்றாள். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை விரதம் போக மற்ற நாளில் முட்டை. டீயை நிறுத்தியதில் முருகவேலுக்குத்தான் வருத்தம் அதிகம்.

எல்லாம் பழகியது, விரல்தான் பழகவில்லை. முறத்தில் அரிசியைக் கண்டால் அது தானாகப் போய் அந்த மணியைக் கிள்ளி எடுத்தது. திரும்பப் போடுவாள், அடுத்ததைக் கிள்ளுவாள். இது சரிப்படாது என்று முறத்தைக் கிருத்திகாவிடம் தள்ளிவிட்டாள். கிருத்திகா போனில் ஒரு கண்ணும் அரிசியில் ஒரு கண்ணுமாகக் கல்லை மட்டும் எடுத்தாள், அதிலும் பாதியை விட்டாள். முருகவேல் பல்லில் கல் கடிபட்டபோது கலைமகள் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

அணிப் பட்டியல் முடிவாகும் முன் பள்ளியில் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். கலைமகள் அரை நாள் லீவு போட்டு நதியாவின் எதிரே நின்றாள். ஏறியிருந்தது, ஆடலாம் என்றாள் நதியா.

"இன்னொருக்கா பாருங்க சிஸ்டர்."

"மெசின் பொய் சொல்லாதுங்க்கா."

அம்மாவைத் தெரிந்தவள் என்பதால், கிருத்திகா அடுத்த விரலை நீட்டினாள். இரண்டாவது சொட்டும் அதையே சொன்னது. கலைமகள் தலையை ஆட்டிவிட்டு, "போ கண்ணு" என்றாள். கிருத்திகா பயிற்சிக்கு ஓடினாள்.