எழுபத்தொன்றாம் எண் டாங்கியும் யோங்-தீயும்

யோங்-தீக்கு வாய் கொஞ்சம் நீளம். தோ-ஹாய் ஊரில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி முதலில் அதைத்தான் சொல்வார்கள். டாங்கியின் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறவன் தைப்பேயிலிருந்து வந்தவனா, கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரனா என்றெல்லாம் அவள் பார்ப்பதில்லை. துடைப்பக் கட்டையால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவாள்.

"ஏம்ப்பா, உங்க வீட்டு சாமி மேடையிலயும் இப்படித்தான் செருப்போட ஏறுவியா? எறங்கு."

அவன் இறங்கிவிடுவான். சீனக் கரைக்கு எதிரே, தைவானுக்குச் சொந்தமான கின்மென் தீவின் வடகரையில், சவுக்கு மரங்களுக்கு நடுவே இரண்டு கல் பெஞ்சும் ஒரு பழைய டாங்கியும் உள்ள சின்னப் பூங்கா அது. அங்கே விழுகிற சவுக்கு ஊசிகளைப் பெருக்குவதற்குத்தான் பேரூராட்சி அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. டாங்கியைப் பார்த்துக்கொள் என்று யாரும் சொன்னதில்லை. வேறு யாரிடமும்கூடச் சொன்னதில்லை என்பதுதான் கொடுமை.

படைகள் தீவைக் காலி செய்துகொண்டு போன காலத்தில் அதை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைக்கு பேண்டு வாத்தியம் என்ன, ரிப்பன் வெட்டு என்ன! அதோடு சரி. துரு ஏறுகிறதே என்று ராணுவத்திடம் கேட்டால், அதை ஊருக்குக் கொடுத்துவிட்டோமே என்பார்கள். பேரூராட்சியில் கேட்டால், அது ராணுவச் சொத்து, நாங்கள் கைவைக்கக் கூடாது என்பார்கள். இரண்டு பேரும் கையைக் கழுவிக்கொண்டார்கள். கடல் காற்று யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, அது பாட்டுக்குத் தின்றது. பிள்ளைகள் உள்ளே இறங்கி மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று மேல்மூடியைப் பற்றவைத்து அடைத்ததுதான் பேரூராட்சி செய்த ஒரே வேலை.

மற்றதெல்லாம் யோங்-தீ. பீரங்கிக் குழாய்க்குள் திணித்த பான டப்பாக்களைக் குச்சி விட்டு எடுப்பாள். வருஷப் பிறப்புக்கு முன்னால் படகுக்காரர்களிடம் மிச்சப் பெயின்ட்டைக் கேட்டு வாங்கி ஒரு பூச்சுப் பூசிவிடுவாள். ஒரு வருஷம் பாசிப் பச்சை, ஒரு வருஷம் கிளிப் பச்சை. ஒரு தடவை பச்சை தீர்ந்துபோய் இடது பக்கம் நீலமாகிவிட்டது. தைவானிலிருந்து வந்த பழைய சிப்பாய் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா இது, எந்த நாட்டுப் படை?"

"கெடச்ச பெயின்ட் நாட்டுப் படைங்க. கண்ண உறுத்துதுன்னா அடுத்த தடவ வர்றப்ப ரெண்டு டப்பா பச்சை வாங்கிட்டு வாங்க."

அவர் வாங்கிக்கொண்டு வரவில்லை. வருகிறவர்கள் எல்லோருமே சிரித்துவிட்டுப் போகிறவர்கள்தான்.

இவளுக்கு மட்டும் அந்த இரும்பின்மேல் ஏன் இத்தனை அக்கறை என்றால், அதற்கு ஐம்பது வருஷம் பின்னால் போக வேண்டும். அப்போது இவளுக்குப் பத்தொன்பது வயது. ஊரில் பாதி வீடுகள் சிப்பாய்களின் துணியைத் துவைத்துத்தான் அடுப்பு மூட்டின. இவள் வீட்டுக்கு டாங்கிப் படையின் துணி வரும். மூட்டைகள் கலந்துவிடாமல் இருக்க, எந்த டாங்கிக்காரனோ அந்த எண்ணைச் சிவப்பு நூலால் காலரில் தைத்துவிடுவாள். எழுபத்தொன்றாம் எண் டாங்கியின் ஓட்டுநர் சியா பூன்-டெங். தைவானில் நெல் விளைகிற ஊர்க்காரன், கட்டாய சேவைக்கு வந்தவன். சட்டைப் பையைக் காலி செய்யாமலே துணி போடுவான். கடலை மிட்டாய் தண்ணீரில் கரைந்து துணியெல்லாம் பிசுபிசுக்கும். இவள் வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டுவாள். அவன் காதைச் சொறிந்துகொண்டு நிற்பான். அடுத்த வாரமும் பையில் மிட்டாய் இருக்கும். வேண்டுமென்றே வைத்தானா என்று பிற்பாடு தோழிகள் கேட்டதுண்டு. கேட்டவளுக்கு நல்ல பாட்டு கிடைத்தது.

பதினோராம் மாதம் பதினேழாம் நாள், பயிற்சியின்போது கடல்நீர் ஏறி இறங்குகிற ஓடையில் மணல் சரிந்து அந்த டாங்கி கவிழ்ந்தது. மூன்று பேர் வெளியே வந்தார்கள். ஓட்டுநரால் வர முடியவில்லை. வடக்குக் காற்று எலும்பைக் குத்துகிற நாள் அது. அவனை மணலில் கிடத்தியிருந்ததை யோங்-தீ தூரத்திலிருந்து பார்த்தாள். உதடு நீலம், உடம்பு முழுக்கத் தண்ணீர் சொட்டியது. அவனுடைய உலர்ந்த துணி அவள் வீட்டில் மடித்து வைத்திருந்தது. சாயங்காலம் ஒரு அதிகாரி வந்து மூட்டையை வாங்கிக்கொண்டு போனார். இவள் அழவில்லை. அழுவதற்கு நீ யார் என்று ஊர் கேட்குமே.

உடம்பு தைவானுக்குப் போனது. உயிர் டாங்கியிலேயே தங்கிவிட்டது என்றார்கள். எங்கள் தீவில் அப்படிச் சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். கரையில் செத்த சிப்பாய்க்கெல்லாம் இங்கே ஊதுபத்தி உண்டு, ஒரு கிண்ணம் சோறு உண்டு. டாங்கியை இழுத்துத் துடைத்து இன்னும் பல வருஷம் ஓட்டினார்கள். இவளும் சிப்பி வளர்க்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு, ஒரு மகனைப் பெற்று, புருஷனையும் அடக்கம் செய்தாள். இதற்கு நடுவே ஒரு நாள் பூங்காவில் வந்து நின்ற டாங்கியின் எண்ணைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். எழுபத்தொன்று. அன்றைக்கே ராணுவ அலுவலகத்தில் நச்சரித்து முகவரி வாங்கி, அவன் வீட்டுக்குக் கடிதம் போட்டாள்.

அவனுடைய அக்கா லி-கியோக் வந்தாள். அதிலிருந்து இருபத்தெட்டு வருஷம் அந்தப் பதினேழாம் நாளில் தவறாமல் வந்தாள். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். டாங்கியின் முன்னால் சோறும் வறுத்த மீனும் வைப்பாள், ஊதுபத்தி ஏற்றுவாள். பிறகு யோங்-தீயின் வீட்டில் சிப்பி சேமியா சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறுவாள். கிளம்புகிறபோது ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான்.

"நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்க்கா. நான் பாத்துக்கறேன்."

கடந்த குளிர்காலத்தில் பேரூராட்சி எழுத்தர் ஓங் ஒரு முடிவோடு வந்தான். டாங்கியின் அடி வழியே துருநீர் கசிகிறதாம், சுற்றுலாப் பயணிகள் புகார் கொடுத்திருக்கிறார்களாம். அதை வெட்டி இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, ஃபைபரில் அதே மாதிரி ஒன்று வைக்கப் போகிறார்கள்.

"அத்தை, புதுசு துருவே பிடிக்காது. தண்ணி ஊத்திக் கழுவினா போதும்."

"ஒன் மூஞ்சியக் கழுவு மொதல்ல."

ஓங் கெட்டவன் இல்லை. தைவானில் பழைய ராணுவ வண்டிகளைச் சரிசெய்கிற பட்டறை ஒன்றுக்கு எழுதிக் கேட்டிருந்தான். ஆள் வந்து பார்த்து, தேறும் என்றால் பட்டறையே எடுத்துப் போய்ச் சரிசெய்து தரும். தேறாது என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே வெட்டுவார்கள். குடும்பத்துக்காரர் இருக்கிற நாளாகப் பார்த்து அந்தப் பதினேழாம் நாளையே குறித்தான்.

பட்டறையிலிருந்து வந்தவர் காங், டாங்கிப் படையில் சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தார். வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக வந்தது. "யாரு இவ்ளோ பூசினது? மேல்பக்கம் பொழச்சதே இதனாலதான்" என்றார். யோங்-தீக்கு உச்சி குளிர்ந்தது. லி-கியோக் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

அவர்கள் மேல்மூடியை அறுத்துத் திறந்தார்கள். காங் குனிந்து டார்ச் அடித்தார்.  பிறகு நீளக் கம்பி ஒன்றை உள்ளே விட்டு எடுத்தார். முழங்கால் உயரத்துக்குக் கம்பி கறுப்பாக நனைந்திருந்தது.

"தண்ணி. வருஷக்கணக்கா நிக்கிற தண்ணி" என்றார்.

லி-கியோக் டாங்கியின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டாள்.

காங் இறங்கி வந்து ஓங்கிடம் விளக்கினார். "இது வயித்துல அஞ்சு ஓட்டை உண்டு. கண்காட்சிக்கு வைக்கிறப்ப மூடியெல்லாம் கழட்டிட்டுத்தான் வைப்பாங்க, மேல மழை இறங்கினாலும் கீழ போயிடணும்னு. இதுல போகல. அப்போ அடித்தட்டு துருவேறி ஊதிப்போய், ஓட்டை தானா அடைச்சிருக்கு. அவ்ளோ ஊதியிருந்தா பக்கத் தகடோட வேரும் போயிருக்கும். கிரேன்ல தூக்கினா ரெண்டா பொளந்துக்கும். அடியில குனிஞ்சு பாக்கலாம்னா மணல் வயிறு வரைக்கும் மூடியிருக்கு. என்னால முடியாதுங்க. இங்கயே வெட்டிருங்க."

பையிலிருந்து படிவத்தை எடுத்தார். ஓங் பேனாவை நீட்டினான்.

யோங்-தீயின் முகத்தில் ஈயாடவில்லை. ஓட்டை தானாக அடைபடவில்லை என்பது இந்த உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் டாங்கி பிழைக்கும். ஆனால் யார் காதில் விழக் கூடாதோ அவள் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். தண்ணீரில் மூச்சுமுட்டிச் செத்த தம்பியின் அக்கா. வருஷா வருஷம் இவள் சொன்ன ஒற்றைப் பதிலை நம்பிப் போனவள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வெட்டின இரும்போடு எல்லாம் போய்விடும். லி-கியோக் சேமியா சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறுவாள். அடுத்த வருஷம் வருவதற்குத்தான் இங்கே ஒன்றும் இருக்காது.

காங் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"எழுதாதீங்க" என்றாள் யோங்-தீ. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "தானா அடைக்கல. நான்தான் அடைச்சேன். சிமென்ட் வச்சு."

"எதுக்கு அத்தை?" என்றான் ஓங்.

"வந்த மொத வருஷம். மணல் அப்ப இவ்ளோ ஏறல. வடக்குக் காத்து அந்த ஓட்டையில பூந்து ஊளையிட்டுது. அன்னிக்கு அவன் நனஞ்சு நீலமா கெடந்தத நான் பாத்தேன். இத்தன வருஷம் கழிச்சும் குளிர்லயே உக்காந்திருக்கானேன்னு... யாரோ மூடியத் திருடிட்டாங்கன்னு நெனச்சேன். மல்லாக்கப் படுத்து அடியில பூந்து அஞ்சையும் அடைச்சேன்." அவள் மூச்சு வாங்கினாள். "ஊளைச் சத்தம் நின்னுது. நானும் நிம்மதியாத் தூங்கினேன்."

 லி-கியோக்தான் முதலில் பேசினாள். மெல்லத்தான் பேசினாள்.

"எந் தம்பி தண்ணியில செத்தான், யோங்-தீ."

"ஆமாக்கா."

"இருபத்தெட்டு வருஷமா தண்ணியிலயே உக்கார வச்சிருக்க. நல்லா இருக்கான், நல்லா இருக்கான்னு எங்கிட்ட சொல்லியிருக்க."

"ஆமாக்கா."

 இந்த ஊரில் யாருக்கும் பதில் சொல்லத் தயங்காதவள், துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

காங் படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு மண்வெட்டி கேட்டார். அவரும் ஓங்கும் பட்டறை ஆள் ஒருவனும் ஒரு மணி நேரம் மணலை வாரினார்கள். யோங்-தீ மண்வெட்டிக்குக் கையை நீட்டினாள், ஓங் தரவில்லை. காங் மல்லாந்து படுத்து டாங்கியின் அடியில் போனார். சிமென்ட்டில் உளி இறங்குகிற சத்தம் கேட்டது. முதல் அடைப்பு உடைந்ததும் கறுப்புத் தண்ணீர் பீறிட்டு அவர் சட்டையெல்லாம் நனைந்தது. அப்புறம் துருச்சேறு வந்தது. ஐந்து ஓட்டையும் திறந்து எல்லாம் வடிய மத்தியானம் தாண்டிவிட்டது. காங் சுத்தியலால் தகடுகளைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். கணீரென்று கேட்டது.

"பக்கமெல்லாம் கெட்டி. அடித்தட்டு மட்டும் மாத்தணும். தூக்கலாம், எடுத்துட்டுப் போறேன்" என்றார். போகிற போக்கில் யோங்-தீயிடம், "இனிமே சிமென்ட் பக்கமே போகாதீங்கம்மா" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

லி-கியோக் அவ்வளவு நேரமும் கல் பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தண்ணீர் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நின்ற பிறகு எழுந்து வந்தாள். சோற்றையும் மீனையும் எடுத்து வைத்தாள். கின்மென் சோளச் சாராயத்தை மூன்று கிண்ணத்தில் ஊற்றினாள். ஊதுபத்தியை ஏற்றி நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு, எதிரே ஆள் நிற்கிற மாதிரி தம்பியிடம் பேசினாள்.

"பூன்-டெங், அக்கா வந்திருக்கேன். தண்ணியெல்லாம் போயிடுச்சு. கோவம் இருந்தா அத என்மேல வச்சுக்கோ, அவமேல வைக்காத. நான் இருபத்தெட்டு தடவ வந்தேன். சோத்த வச்சேன், கும்பிட்டேன், போனேன். ஒருநாள்கூட கீழ குனிஞ்சு பாக்கல."

அவள் ஊதுபத்திகளை மணலில் ஊன்றிவிட்டு, யோங்-தீயைப் பார்க்காமலே சொன்னாள்.

"இவ ஒருத்திதான் குனிஞ்சு பாத்தா."

ஐம்பது வருஷமாக ஊர் கேட்குமே என்று அடக்கி வைத்திருந்த அழுகையை யோங்-தீ அன்றைக்கு அழுதாள். ஓங்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, திரும்பி நின்றுகொண்டான். லி-கியோக் அவளைத் தடுக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று, அழுது முடிகிற வரைக்கும் அவளுடைய துடைப்பத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.