எத்து என்ற ஒரு சொல்

கல்யாணமாகி ஓசூருக்கு வந்த புதிதில், என் வீட்டுக்காரருடைய வலது காலைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தது. கட்டிக்கொண்டு வந்த நான் அந்தக் காலை அதுவரை சரியாகப் பார்த்ததுகூட இல்லை. எதிர்வரிசைச் சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், அது எப்போது மடங்கும், எந்தப் பக்கம் திரும்பும், அதை நம்பலாமா கூடாதா என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் சொல்வது ஐம்பதுகளில் நடந்தது. அப்போது ஓசூரில் ஃபாக்டரி கிடையாது, ஷிப்ட் கிடையாது. சந்தை, தாலுகா கச்சேரி, பெங்களூருக்குப் போகிற பஸ், சாயந்திரமானால் வாலிபால். ஆண்பிள்ளைகளுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. ஆடியவர்கள் சிலபேர்தான். எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் மீதி எல்லோரும்.

என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்ததே வாலிபாலால்தான். ஊத்தங்கரையில் ஏதோ பந்தயத்தில் அவர் ஆடியதை ஓசூர் பஸ் முதலாளி ஒருவர் பார்த்திருக்கிறார். "எங்க டீமுக்கு வந்துடு, ஷெட்டுல வேலை போட்டுத் தரேன்" என்று கையோடு கூட்டி வந்துவிட்டார். முதலாளிதான் டீமுக்கு மேனேஜர். அவர் ஒருநாளும் பந்தைத் தொட்டவரில்லை. ஆனால் பந்து அவர் வாங்கிக் கொடுத்தது, வலை அவர் வாங்கிக் கொடுத்தது, பந்தயத்துக்குப் போக பஸ்ஸும் அவருடையது. யார் ஆட வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அவர் சொன்னால் அதுதான் ஆட்டம்.

ஆகவே எங்கள் குடித்தனம் பந்தின்மேல் நின்றது. டீமில் இடம் போனால் ஷெட்டில் வேலை போகும். வேலை போனால் ஊத்தங்கரைக்கு மூட்டை கட்ட வேண்டும். அங்கே மாமியார், நாலு ஓரகத்திகள், ஒரே அடுப்பு. தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது கடைசி மருமகளுக்குத்தான் தெரியும். கடைசி மருமகள் நான். தாய்வீடு என்று போய் உட்காரவும் எனக்கு யாருமில்லை. ஓசூரில் ஒற்றை அறையும் அதற்கொரு ஜன்னலும் எனக்கே எனக்கு என்று இருந்தன. அதை விட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. கொஞ்சம்கூட இல்லை.

சைக்கிள் கடைக்காரருக்கு வாலிபாலில் பெரிய பேச்சு உண்டு. ஊரில் பந்துக்குக் காற்றடிக்கிற பம்பு அவரிடம் மட்டும்தான் இருந்தது. காற்று அடித்தவனுக்குப் பந்தைப் பற்றிப் பேசப் பாத்தியதை இருக்கிறது என்று அவர் நினைத்தார், மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அவருக்கு எதிர்க்கட்சி எங்கள் பக்கத்துப் போர்ஷன் தையற்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் கன்னடம் என்று பேசுகிறவர். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். இவர்கள் இருவரும் பேச்சை ஆரம்பித்தால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொள்வார்கள்.

மலைக்கோயில் தேர் சமயத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யத்திலிருந்து ஆனேக்கல் டீம் ஓசூருக்கு வந்து ஆடியது. மைசூர்க்காரர்களிடம் தோற்கக் கூடாது என்பது ஊர் மானப் பிரச்சினை. அன்றைக்கென்று நம் லிஃப்டருக்குக் காய்ச்சல். லிஃப்டர் என்றால், வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தைக் கையால் மேலே தூக்கிக் கொடுக்கிறவர். அவர் தூக்கினால்தான் இன்னொருவர் எகிறி அடிக்க முடியும். முதலாளி யோசித்துப் பார்த்து, எப்போதும் பின்வரிசையில் நிற்கிற என் வீட்டுக்காரரை லிஃப்டராக முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். எகிறி அடிக்கிறவர் பக்கத்துப் பேரிகை ஊர்க்காரர், டீமுக்குக் கேப்டன், தெலுங்கு பேசுகிறவர்.

கடைசிவரை இழுபறி. முடிகிற நேரத்தில் பந்து என் வீட்டுக்காரர் முன்னால் தாழ வந்தது. கேப்டன் எகிறிக்கொண்டே, "எத்து!" என்று கத்தினாராம். இவர் வலது காலைத் தூக்கி ஓர் உதை விட்டார். பந்து வலையைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி, பொரிக்கடைக் கூரைமேல் போய் விழுந்தது. அந்தக் காலத்து வாலிபாலில் இடுப்புக்குக் கீழே பந்து பட்டாலே ஃபவுல். காலால் உதைத்தவனை யாரும் கண்டதே இல்லை. ஆனேக்கல்காரர்கள் ஜெயித்த சந்தோஷத்தைவிட அதிகமாகச் சிரித்தார்களாம்.

மறுநாள் காலையிலேயே பெஞ்சு நிறைந்துவிட்டது.

"பின்னாடி நின்னு பந்து எடுக்கறவனக் கொண்டாந்து முன்னாடி நிறுத்தினா அவன் என்னா பண்ணுவான்?" என்றார் தையற்காரர்.

"மெதுவாப் பேசுப்பா. இது அவரு கட்டடம்," என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"நான் முதலாளியச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாச் சொன்னா சரி. அவரு நிறுத்தினது சரிதான். இவன் நின்னதுதான் தப்பு."

"நிக்கலன்னா வேலை போவும்."

"நின்னாலும் போவப்போவுது."

இன்னொருவர், ஆனேக்கல்காரர்கள் காலையில் என் வீட்டுக்காரருக்குக் காபி வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னார். காபிக்கா ஆட்டத்தை விற்பான் என்று ஒருவர் கேட்டார். "இட்லியும் சாப்ட்டாம்ப்பா," என்றார் காபிக் கதை சொன்னவர். முதலாளியின் பஸ் ஹாரன் கேட்டால் எல்லோரும் என் வீட்டுக்காரரைத் திட்டினார்கள். பஸ் போன பிறகு முதலாளியைத் திட்டினார்கள். நியாயமாக இரண்டு பக்கமும் பார்க்கிற மனிதர்கள்.

என் வீட்டுக்காரர் எதற்கும் பதில் சொல்லவில்லை. அவர் சாதாரண நாளிலேயே பேசமாட்டார். "ஏங்க எத்தினீங்க?" என்று நான் கேட்டதற்கு, "எத்திட்டேன்" என்றார். அதோடு சரி. இந்த மனிதரோடு ஆயுசு முழுக்க எப்படிப் பேசிக்கொண்டிருக்கப் போகிறோம் என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

மாசக் கடைசியோடு அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடப் போகிறார்கள் என்ற செய்தியும் அந்தப் பெஞ்சிலிருந்துதான் வந்தது. என் கை அரிசியிலேயே நின்றுவிட்டது. வெளியே தையற்காரர் ஆட்டத்தை எத்தனையாவது தடவையாகவோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "கேப்டன் அப்பிடியே எகிறிட்டு எத்துன்னு கத்தறான். இந்த ஆளு என்னா பண்றான்?"

எத்து. என்ன பண்ணுவான்? எத்துவான். எங்கள் பக்கம் எத்து என்றால் காலால் உதை என்று அர்த்தம்.

அப்போதுதான் எனக்கு அக்காவின் குழந்தை ஞாபகம் வந்தது. நான் வந்த முதல் வாரம், அது தரையில் புரண்டு அழுதது. அக்கா இரண்டு கையிலும் மாவோடு என்னைப் பார்த்து, "பிட்டனி எத்துகோ" என்றாள். பிட்டத்தில் எத்து என்கிறாளே, பெற்ற தாய் இப்படிச் சொல்வாளா என்று நான் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன். அவளே கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, தெலுங்கில் பிட்ட என்றால் குழந்தை, எத்து என்றால் தூக்கு. கன்னடத்திலும் எத்து என்றால் தூக்குதானாம். கேப்டன் பந்தைத் தூக்கத்தான் சொல்லியிருக்கிறார். பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் எல்லாப் பாஷையும் தெரியும். அதனால் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

நான் நேரே போய் அக்காவிடம் சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து அழுதது. சாயந்திரம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தையற்காரர் குரல் கேட்டது.

"நேத்தெல்லாம் யோசிச்சேன். திடீர்னு எனக்குத் தோணுச்சு. அவன் ஊத்தங்கரக்காரன். அவனுக்கு எத்துன்னா என்னா?"

 பெஞ்சில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். இந்தக் கண்டுபிடிப்பில் எல்லோருக்கும் லாபம் இருந்தது. என் வீட்டுக்காரர் மோசம் செய்யவில்லை, மேனேஜர் தப்பான ஆளை நிறுத்தவில்லை, கேப்டன் தப்பாகக் கத்தவில்லை, ஓசூர் தோற்கவே இல்லை. ஒரு சொல் தோற்றுவிட்டது, அவ்வளவுதான். கண்டுபிடித்தவர் தையற்காரர் என்று ஊர் ஒப்புக்கொண்டது. எனக்கு வேண்டியது பெயரில்லை, ஜன்னல்.

மறுநாள் முதலாளியே சைக்கிள் கடைக்கு வந்தார். ஷெட்டிலிருந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பி, எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

"ஏண்டா, உனக்குத் தெலுங்கு வராதா?"

என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் ஜன்னலைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வராதுங்க," என்றார்.

"ஒரு வார்த்தகூட?"

"இல்லீங்க."

"கன்னடம்?"

"அதுவும் இல்லீங்க."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். உடனே மேனேஜர் என்ற முறையில் ஒரு தீர்மானமும் செய்தார். இனிமேல் கிரவுண்டில் எல்லோரும் இங்கிலீஷில்தான் கத்த வேண்டும். அதனால் ஏ, பி, சி தெரியாத ஒரு டீம் பல காலம் "லிஃப்ட், லிஃப்ட்" என்று கத்திக்கொண்டு ஆடியது. தோற்கிறதிலும் ஒன்றும் குறைவில்லை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வந்தவருக்கு நான் இருந்த சந்தோஷத்தில் அப்பளம் பொரித்துப் போட்டேன். அவர் அப்பளத்தை உடைக்காமல் வைத்துக்கொண்டே சொன்னார்.

"ஏம்மே, எனக்குத் தெலுங்கு தெரியும்."

நான் கரண்டியோடு நின்றேன்.

"சின்ன வயசுல எங்க பக்கத்து வீடே தெலுங்குக்காரங்கதான். அவங்க பசங்களோடதான் வளந்தேன். எனக்குக் கனவுகூட சில நாள் தெலுங்குல வரும்."

"அப்ப ஏங்க எத்தினீங்க?"

"பந்து கீழ வந்துச்சு. கால் போயிடுச்சு."

"இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"யாரு கேட்டாங்க? அவங்களே கேட்டுக்கறாங்க, அவங்களே பதிலும் சொல்லிக்கறாங்க."

"நான் கேட்டேனே."

"உங்கிட்டதான் சொன்னனே, எத்திட்டேன்னு."

எனக்கு வந்த கோபத்தில் அப்பளத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. எந்தப் பாஷையிலும் அதிகம் பேசாத மனிதருக்கு எத்தனை பாஷை தெரியும் என்று ஊர் கவனிக்காதது எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

அதன் விலை பிறகுதான் தெரிந்தது. தெலுங்கு தெரியாதவராகவே அந்த ஊரில் அவர் இருந்தாக வேண்டும். தெரியும் என்று தெரிந்தால் பழைய உதை திரும்பி வரும், காபியும் இட்லியும் திரும்பி வரும், முதலாளியிடம் நேருக்கு நேர் பொய் சொன்னதும் சேர்ந்துகொள்ளும். கிரவுண்டில் கேப்டன் அவரைத் தெலுங்கில் திட்டினால் ஒன்றும் புரியாதவராகச் சிரிக்க வேண்டியிருந்தது. ஷெட்டில் அவர் எதிரிலேயே, "இவனுக்கு என்ன புரியப்போகுது" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு எல்லா ரகசியமும் பேசினார்கள். முதலில் அதையெல்லாம் வீட்டுக்கு வந்து எனக்குத் தமிழில் சொல்லிச் சிரிப்பார். போகப் போகச் சொல்வதை நிறுத்திவிட்டார். தையற்காரர் பெரிய மனசு பண்ணி, பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் வேறு நடத்தினார். நீளு என்றால் தண்ணீர், பாலு என்றால் பால். இவர் நாக்கைக் கஷ்டப்பட்டுத் தப்பாகத் திருப்புவார். "வாலிபால் ஆடத் தெரிஞ்சா போதுமா, மூளை வேணும்," என்பார் சைக்கிள் கடைக்காரர்.

ஓசூரிலேயே எனக்குப் பிரசவமானது. மருத்துவச்சியும் அக்காவும் கூட இருந்தார்கள். பெண் குழந்தை. வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார். துணைக்குத் தையற்காரர், சைக்கிள் கடைக்காரர், யாரென்று எனக்குத் தெரியாத ரெண்டு பேர். ஆட்டமில்லாத நாளில் அவர்களுக்கும் எங்காவது நிற்க வேண்டுமே.

அக்கா குழந்தையைத் துணியில் சுற்றி வாசல்வரை கொண்டுபோனாள். கதவு திறந்திருந்ததால் படுத்த இடத்திலிருந்தே எனக்கு எல்லாம் தெரிந்தது. சந்தோஷத்தில் அவளுக்குத் தமிழ் மறந்துவிட்டது.

"பிட்டனி எத்துகோ," என்றாள்.

அவருடைய இரண்டு கையும் முன்னால் வந்தன. பாதி வழியில் நின்றன. பெஞ்சுக்காரர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை இழுத்துக்கொண்டு, ஒன்றும் புரியாதவராகச் சிரித்தார். ஒரு வருஷமாகப் பழகிய சிரிப்பு, அப்படியே வந்தது. குழந்தை அக்கா கையிலேயே இருந்தது.

"எத்துகோன்னா தூக்கிக்கோன்னு அர்த்தம்ப்பா," என்றார் தையற்காரர். "எத்தன தடவ சொல்லித் தரது?"

எல்லோரும் சிரித்தார்கள்.  உள்ளேயிருந்தே, "தூக்குங்க," என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் தம் மகளைத் தூக்கினார்.