மேஸ்திரிக்கு வீடு கட்டிய தனசேகர் அண்ணன்

தனசேகர் அண்ணன் போய்விட்டார். இன்று காலை ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பி, உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே...

கம்பெனி பஸ் அவர் ஸ்டாப்பில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து சொன்னார். நான் அங்கேயே இறங்கிவிட்டேன், லீவு கூடச் சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனியில் அவர் மெயின்டனன்ஸ், நான் லேப். இரண்டு பேரும் சோழவரத்தில் இருந்து ஒரே பஸ். இத்தனை வருஷத்தில் என்னைத் தங்கச்சி என்றோ பெயர் சொல்லியோ கூப்பிட்டதே கிடையாது மனுஷன். "இன்னா லேபு, நாஷ்டா ஆச்சா" என்பார், அவ்வளவுதான்.

அழுகை வரவில்லை. இப்போது இதை எழுதும்போதும் வரவில்லை... ஏன் என்று கேட்காதீர்கள்.

அவரை நினைத்தால் ஆமைதான் ஞாபகம் வருகிறது. அவருக்கு எதிர் வீட்டில் குடியிருந்தவர்கள் காலி பண்ணிக்கொண்டு போகும்போது ஒரு பிளாஸ்டிக் கூடையில் விட்டுப்போன ஆமை. சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். நட்சத்திர ஆமையாக இருந்தால் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, ஃபாரஸ்ட் ஆபீஸுக்கே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். வெளிநாட்டு ஆமை என்றார்கள். முறையாகப் பதிவு செய்துவிட்டுத்தான் வைத்துக்கொண்டார்.

முதல் நாளே ஒரு காரியம் செய்தார். ஆமைதானே என்று பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி உள்ளே விட்டிருக்கிறார்.

"கல்லு மாதிரி உள்ள பூட்ச்சி லேபு. கைய உட்டுத் தூக்கினேன், மூச்சே இல்லாத மாதிரி கீது. அப்பறம்தான் போன்ல பாத்தேன். இது தரையில கீற ஆமையாம், நீச்சலே தெரியாதாம். எனுக்கு இன்னா தெரியும்" என்று காரனோடை தாண்டும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பஸ்ஸே சிரித்தது.

அடுத்த சிக்கல் குமாரி அண்ணி. ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் விளங்காது என்பது அவர் நம்பிக்கை. "ஊட்டுக்குள்ள மட்டும் அது வரக்கூடாது, சொல்ட்டேன்" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார். அண்ணன் சண்டை போடவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் அதற்குத் தனியாகக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நானும் கொஞ்சம் மண் அள்ளிப் போட்டேன். அன்றைக்குச் சுற்றிலும் கம்பி வலை அடித்தோம், பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் வெளியே தெரிந்தால் அந்தப் பக்கம் போய்விடலாம் என்று ஆமை நினைத்துக்கொள்கிறது. நாள் முழுக்க வலையில் முட்டி முட்டி மூக்குத் தோலே உரிந்துவிட்டது. அண்ணன் மொத்தத்தையும் பிரித்தார்.

அப்புறம் ஹாலோ பிளாக். தோண்டிக்கொண்டு வெளியே போய்விடும் என்பதால் மண்ணுக்குள்ளேயும் வரிசை இறக்கினார். நாய், காக்காய் எதுவும் வராமல் இருக்க, பிரித்த கம்பி வலையையே மேலே மூடியாகப் போட்டார். தண்ணீர் குடிக்க ஒரு தட்டையான மண் தட்டு... இந்தத் தடவை டப் பக்கமே அவர் போகவில்லை. மழை பெய்தால் எங்கள் பக்கம் தண்ணீர் நிற்கும் அல்லவா, அதற்காக ஒரு மூலையில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, மேலே ஷீட் போட்டார். எங்கள் பிளான்ட்டில் கூட இவ்வளவு சுத்தமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. அதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆமை தினமும் காலையில் சுவரை ஒட்டியே ஒரு சுற்று நடக்கும். "கட்னது நானு, செக் பண்றது அது. அதான் மேஸ்திரி" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

மழைக்காலத்தில் கேன்டீனில் இருந்து அண்ணிக்கு போன் போடுவார், ஸ்பீக்கரில்.

"மேட்டுல ஏறிச்சா பாரு."

"இந்த மழையில நான் போயி ஆமையப் பாத்துக்கினு இருக்கணுமா. இன்னா பேஜாரு இது."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம், "ஏறிச்சி, ஏறிச்சி. போன வை."

இன்று மதியம் பந்தல் போட்டு, அண்ணனைக் கிடத்தி, எல்லாரும் வந்தாகிவிட்டது. பள்ளிப்பட்டில் இருந்து வந்த அவருடைய பெரியப்பா பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இத்த வச்சிக்கினு இருந்தா எப்டி வெளங்கும். மொதல்ல தூக்கினு போயி கோயில் கொளத்துல உட்டுட்டு வாங்க நைனா" என்றார். இரண்டு பேர் மூடியைக் கழற்றவே போய்விட்டார்கள்.

"அய்யா, அதுக்கு நீந்தத் தெரியாதுங்க, செத்துடும்" என்றேன். "ஆமைக்கா நீந்தத் தெரியாது" என்று ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சாவு வீட்டில் நான் யார், சத்தம் போட.

அண்ணிதான் பேசினார். அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்த இடத்தில் இருந்தே.

"அத்தத் தொடாதீங்க மாமா."

"நீதானம்மா அது ஊட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லிக்கினு இருந்த."

"ஆமா, சொன்னேன். எங்க ஊட்டுக்குள்ள அது என்னிக்கு வந்துது. அவரு கட்டிக் குட்த்த ஊட்லதான கீது."

போனவர்கள் மூடியைத் திரும்ப வைத்துவிட்டு வந்தார்கள்.

அண்ணனை எடுத்துக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பெண்கள் நாங்கள் வீட்டில் இருந்தோம். அண்ணி எழுந்து பின்பக்கம் போனார், குடை எடுக்கவில்லை. நானும் பின்னாலேயே போனேன்.

மேஸ்திரி மேட்டில், ஷீட்டுக்குக் கீழே இருந்தது.

"ஏறிச்சி, ஏறிச்சி" என்றார் அண்ணி. கையில் போன் இல்லை.

சரி அண்ணே... பார்த்துப் போங்க.