பதியாமல் போன காலை

போர் முடிந்து சனங்கள் திரும்பிக் குடியேறிக்கொண்டிருந்த காலத்தில் மன்னாரில் மீள்குடியேற்ற அலுவலகமாக இருந்த ஒரு கந்தோரில் எனக்குக் கணினி வேலை கிடைத்தது. நான் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து அங்கேயே படித்தவள். அப்பாவும் அம்மாவும் இன்னும் முகாமில்தான் இருந்தார்கள். என் பேச்சில் இந்தியச் சாயல் இருந்ததாலோ என்னவோ, கந்தோரில் எல்லோரும் என்னோடு அளந்துதான் கதைத்தார்கள். சேர்வர் அறையில் தனியே இருப்பது எனக்கும் சுலபமாக இருந்தது. மத்தியானச் சாப்பாடும் அங்கேதான்.

திரும்பி வந்த குடும்பங்கள் தாங்கள் இழந்ததைச் சொல்ல, முன்மேசையில் இருப்பவர்கள் அதைக் கணினியில் பதிவு செய்வார்கள். இரண்டு சேர்வர்கள் சேர்ந்து அந்தப் பதிவுகளைக் கவனித்தன. ஒன்று பழுதாகி விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். ஆனால் பதிவுகளைச் சேமிக்க இரண்டுக்கும் பொதுவாக இருந்த வட்டுகள் பழையவை. ஒரு பக்கத்தைச் சேமிப்பதற்குள் வெளியே வெயிலில் வரிசை நீண்டுவிடும்.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில், ஆளில்லாத கந்தோரில் இருந்துகொண்டு, ஒவ்வொரு சேர்வரிலும் வேகமான சின்ன வட்டொன்றைப் பூட்டி, பழைய வட்டுகளுக்கு முன்னால் பதிவுகள் தற்காலிகமாகத் தங்கும் இடமாக, கேஷாக அமைத்தேன். அதை இரண்டு விதமாகச் செய்யலாம். பதிவு பழைய வட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டுவது ஒன்று. வேக வட்டில் விழுந்ததுமே அப்படிக் காட்டிவிட்டு, பழையதில் பிறகு ஆறுதலாக எழுதுவது மற்றது. நான் இரண்டாவதைத் தெரிவு செய்தேன். மறுநாள் வரிசை மளமளவென்று நகர்ந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் முதல் சேர்வரின் வேக வட்டு செத்துப்போனது. இரண்டாவது சேர்வர் உடனே வேலையை எடுத்துக்கொண்டதால் முன்மேசையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. உள்ளே இருந்த நான் மட்டும் கண்டேன். அன்று காலைப் பதிவுகளில் பல பழைய வட்டுக்குப் போகவேயில்லை; செத்த வட்டோடு அவையும் அழிந்துவிட்டன.

பொறுப்பதிகாரியிடம் போய் நடந்ததையும், பிழை என்னுடையது என்பதையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. திரும்ப வரச்சொல்லிக் கடிதம் போடலாம் என்றார். வந்தவர்கள் வாசலில் பெயரெழுதும் வரவுப் புத்தகத்தில் விலாசங்கள் இருந்தன. நானே போகிறேன் என்றேன்.

நறுவிலிக்குளத்தில் வயல் செய்யும் ஒரு கமக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். இலுப்பைக்கடவையில், தகரக் கொட்டிலில் தனியே இருந்த ஒரு அம்மா எனக்குக் கதிரை தந்துவிட்டு நிலத்தில் இருந்தார். அன்று சொன்னதை இன்னொருமுறை சொல்லும்படி கேட்டேன்.

“அண்டைக்குத்தான் பிள்ளை, முதன்முதலாய் வாய் திறந்து எல்லாத்தையும் சொன்னனான்,” என்றார். “இனி ஏலாது. காணியின்ர எல்லையை மட்டும் எழுதிக்கொண்டு போங்கோ.”

வடக்கே வாய்க்கால். கிழக்கே தமையனின் காணி. எழுதிக்கொண்டேன். வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்ற பகுதியை நிரப்பாமல் பஸ்ஸேறினேன். மன்னார் வரும்வரை படிவத்தை மடியிலேயே வைத்திருந்தேன். அதைப் பற்றிச் சொல்ல அந்த ஊரில் எனக்கு ஒருவரும் இருக்கவில்லை.

அந்த அம்மாவிடம் அன்று கேட்டுப் பதிந்த முன்மேசைக்காரரை விசாரித்தேன். நாளுக்கு எத்தனையோ பேர், ஞாபகமில்லை என்றார்.

பழைய வட்டில் எழுதிய பிறகே ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டும் முதலாவது விதத்துக்குக் கேஷை மாற்றினேன். பழைய பதிவுகளைத் திறப்பது வேகமாகவே இருந்தது. புதிதாக எழுதுவதுதான் முன்போல மெதுவாகிப் போனது. முன்மேசைக்காரர்கள் குறைப்பட்டார்கள். காரணத்தைச் சொன்னேன். சிலருக்கு விளங்கியது, சிலருக்கு விளங்கவில்லை. அந்த வேலையில் இருந்தவரைக்கும் நான் அதை மாற்றவில்லை.