பட்டி வைக்காத ரூஃப்

ராசு அண்ணன் போய்விட்ட செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. 'தொழில் மேதைக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று அனுப்பியிருந்தவர் உடையார்பாளையத்துக்காரர், பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர். பெயர் வேண்டாம், பெரம்பலூரில் பட்டறை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அதில் பாதிப் பேர், தங்கள் காரின் மட்கார்டைக்கூட அண்ணன் தொடக் கூடாது என்று என்னிடம் சொன்னவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் என் பட்டறையில் டிங்கர். நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது அவர் வேலை, பெயிண்ட் அடிப்பது என் வேலை. பள்ளத்தில் பட்டி என்கிற பசையை அப்பித் தேய்த்து மழுப்புகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "மூஞ்சில மாவு பூசுறவனுவ" என்பார். தகரத்தின் மேல் துணியை விரித்து உள்ளங்கையால் தடவி மேடு பார்ப்பார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று யாராவது சொன்னால், "கண்ணுக்குத் தெரியாதுங்க, வெயிலுக்குத் தெரியும்" என்பார்.

அந்த அம்பாசிடர் வந்தபோது ரூஃபில் நான்கு ஓட்டை. ஏதோ தேர்தலுக்கு ஒலிபெருக்கி கட்டப் போட்டது. அவ்வளவு அகலத் தகரத்தில் சூடு கூடினால் நெளிந்துவிடும். ஓட்டையைச் சுற்றி ஈரத்துணி போட்டு, ஒவ்வொன்றாகப் பற்றவைத்து, இருபது நாள் தட்டினார். விரல்நுனி அளவு பட்டிகூட வைக்கவில்லை. மேலே நான் கிரீம் கலர் அடித்தேன்.

மறுநாளே அந்த மனுஷர் குருக்களோடும் டிரோன் கேமராக்காரரோடும் வந்து நின்றார். மகன் கல்யாண ஊர்வலத்துக்குக் கார். அன்றைக்குத்தான் நல்ல நாளாம். ஊரே பானெட்டில் வைக்கும் சந்தனத்தை, மேலிருந்து எடுத்தால் தெரிய வேண்டுமென்று, இவர் ரூஃப் நடுவில் தட்டு அகலத்துக்கு அப்பினார். குங்குமத்தையும் கொட்டினார். கேமராவை அண்ணாந்து பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

அப்பும்போதே அண்ணன் தடுத்தார். "பெயிண்ட் இன்னும் காயாம பச்சையா இருக்குங்க. பத்து நாள் போவட்டும்."

"சாமி காரியத்துக்கு நீ நாள் குறிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, காரை ஓட்டிக்கொண்டு போனார்.

நான்கு நாள் கழித்து உறவுக்காரர்களோடு திரும்பி வந்தார். சந்தனத்தைத் துடைத்த இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம், அதற்குள் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. பட்டி ஊதிவிட்டது என்று அண்ணனை நோக்கிக் கையை நீட்டினார். பட்டியே வைக்காத ரூஃபில் பட்டி ஊதியதாம், என்ன அறிவு! அரியலூர் வரைக்கும் அந்தப் பேச்சு போயிற்று. 'பட்டி ராசு' என்று பெயரும் வைத்தார்கள்.

அற்ப மனுஷன். ஆனால் அன்று அவர் என்னையும் கேட்டார்: "நீ சொல்லுப்பா, பட்டிதான?" அவருடைய பள்ளிக்கூடத்து பஸ்கள் எல்லாம் என் பட்டறைக்குத்தான் வரும். நான் குனிந்து பெயிண்ட் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சந்தனம் அப்பியவராவது சொன்னது புரியாமல் செய்தார். தெரிந்தே வாயை மூடியவன் நான்.

அவர்கள் போன பிறகு அண்ணன் கோபப்படவில்லை.

"நீயாவது வாயத் தொறப்பன்னு நெனச்சேன், தம்பி" என்றார். பிறகு அடுத்த வண்டியின் கதவைத் தட்டப் போய்விட்டார்.

அவரை 'பட்டி ராசு' என்று சொன்னவர்களே, அந்த ரூஃபில் பட்டி இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு நான்கு வருடமும் அவருடைய சாவும் தேவைப்பட்டன. அவர் சாமான்களை மகள் எடுத்துப் போய்விட்டாள். அன்று அவர் என்னைப் பார்த்துச் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் என்னிடம் இருக்கிறது.