முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிக்குப் பெயர் சொன்னவன்

புத்தூரிலிருந்து பிச்சாட்டூர் வரை இன்றைக்கு வீட்டுக்கு வீடு நெட் ஓடுகிறதென்றால் அதற்கு நான்தான் காரணம். இதை நானே சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. வேறு யாரும் சொல்லப் போவதில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கேபிள் டிவி ஆரம்பித்த நாளில் ஒரு டிஷ், ஒரு ஏணி, இரண்டு சுருள் கேபிள், இவ்வளவுதான் கையில் இருந்தது. அந்த ஏணியில் ஏறியவன் துலுக்காணம்.

நகரித் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பவர்லூம் சத்தம் காதுக்கு ஆகவில்லை என்று என்னிடம் வந்தவன், முப்பது வருடம் கம்பம் ஏறினான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், அதுவும் தமிழ் மட்டும்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சிக்னலைத் தெருத் தெருவாகப் பிரித்து அனுப்பும் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். எந்த வீட்டுக்காரர் கரண்ட் தருகிறாரோ அவருக்கு இணைப்பு இலவசம், பெட்டிக்கும் அவர் பெயர். செங்கம்மா பெட்டி, தேவேந்திரன் பெட்டி, இப்படி. பிறகு செங்கம்மா வீட்டை விற்றுவிட்டுப் போனாலும், பெட்டியைக் கழற்றி மூன்று தெரு தள்ளி மாட்டினாலும், அது செங்கம்மா பெட்டிதான். முதலில் கரண்ட் கொடுத்தவர் பெயரை எடுப்பது மரியாதையில்லை என்பான் துலுக்காணம். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டி. எது எங்கே தொங்குகிறதென்று முழுதாக அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். எனக்கே பாதிதான் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் திருப்பதிக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்தேன். அவர்கள்தான் என்னைத் தேடி வந்தார்கள், நான் போகவில்லை. அலிபிரி ரோட்டில் ஆபீஸ். சுவர் அகலத்துக்கு ஒரு திரை, அதில் எங்கள் பெட்டிகள் எல்லாம் பச்சைப் புள்ளிகள். ஒன்று செத்தால் சிவப்பாகும். ஆனால் புள்ளிக்குப் பக்கத்தில் ‘டிபிடி-பிடிஆர்-117’ என்று ஊர்ச் சுருக்கமும் எண்ணும்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் அதுதான் பெட்டியின் பெயர், மாற்றக் கூடாதாம். அதை வைத்துக்கொண்டு எந்தத் தெருவுக்கு ஓடுவது என்று லைன் ஆட்களுக்கு விளங்கவில்லை.

அதற்குக் கீழே இன்னொரு கட்டம் காலியாக இருந்தது. ஜனங்கள் கூப்பிடும் பெயரை அதில் போட்டால் திரையில் அதுவே தெரியும், அலியாஸ் என்பார்கள் என்றான் அங்கே இன்ஜினியராக இருக்கும் சுதீர். துலுக்காணத்தை அனுப்பச் சொன்னான்.

துலுக்காணம் இரண்டு நாள் பிடி கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் என் முன்னால் வந்து நின்றான்.

“பேரெல்லாம் அதுல ஏத்திட்டா அப்பறம் நான் இன்னாத்துக்கு மொதலாளி?”

“நான் போட்ட லைன்டா இது. உன் வேலை மேல எவன் கை வெப்பான்? போய் சொல்லிட்டு வா.”

போனான். மூன்று வாரம், தினமும் புத்தூர் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறி. ஒருநாள் நானும் போய்ப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தெருத் தெருவாக நடப்பவன்போல் சொல்லிக்கொண்டிருந்தான், சுதீர் தட்டிக்கொண்டிருந்தான். பெயரைக் கேட்டார்கள், பெயரைச் சொன்னான். இடம் மாறிய பெட்டிகளைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

கடைசிப் பெயர் ஏறிய மாதமே அவனை நிறுத்திவிட்டார்கள். போனில் வரும் தகவலை இங்கிலீஷில் படிக்கத் தெரியாது, வயது ஐம்பத்தெட்டு, கம்பம் ஏறுவது ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். நான் நேரே திருப்பதிக்குப் போனேன்.

“பெத்தாயனா, ஆள் எடுக்கறது, நிறுத்தறது எல்லாம் எங்க கைலதான். நீங்களே சைன் பண்ணியிருக்கீங்க” என்று சுதீர் ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பினான். பெரியவரே என்று தெலுங்கில் கூப்பிட்டான், மரியாதையில் குறை வைக்கவில்லை, காபிகூட வந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

பத்தாம் நாள் திரையில் செங்கம்மா பெட்டி சிவப்பானது. ஆட்கள் செங்கம்மாவின் பழைய வீட்டுக்கு ஓடினார்கள். அங்கே பெட்டியே இல்லை. நாலு தெருவுக்கு நெட் இல்லை. எனக்குச் சந்தோஷம், மறைப்பானேன். துலுக்காணம் வீட்டுக்கே போனேன். இடம் மாறிய பெட்டி நாற்பது இருக்கும், நாற்பதும் உன் கையில், போன் வந்தால் வேலையைக் கொடு, பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிடு என்றேன்.

நான் உட்கார்ந்திருக்கும்போதே போன் அடித்தது. எடுத்தான்.

“தண்ணி டேங்க் பின்னால, முனிரத்தினம் கடை மேல மாட்டிக்கினு இருக்குது. ஏணிய ஷீட்டு மேல சாத்தாத, ஒடஞ்சிடும்.”

வைத்துவிட்டான். ஏன்டா சொன்னாய் என்று கத்தினேன்.

“தெரிஞ்சிக்கினே தெரியாதுன்னு சொல்ல எனக்கு வராது. நீங்கதான் போய்க் கேட்டீங்களே மொதலாளி, இன்னா ஆச்சு?”

முப்பது வருடத்தில் அவன் என்னை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

சுதீர் அன்றைக்கே செங்கம்மா பெயரோடு புது இடத்தையும் சேர்த்துத் திரையில் ஏற்றிவிட்டான். இப்படி ஒவ்வொரு போனுக்கும் ஒரு பெட்டி. ஒன்றரை வருடத்தில் நாற்பதும் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு துலுக்காணத்தை யாரும் கூப்பிடவில்லை.

இப்போது ஒரு மாந்தோப்பில் காவல் இருக்கிறான். எனக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது, அங்கே வேலைக்கு வா என்றேன், வரவில்லை. ஊழியர் இணைப்பு என்றிருந்த அவன் வீட்டு லைனையும் போன மாதம் துண்டித்துவிட்டார்கள். கேட்டுவரத் திருப்பதிக்குப் போகலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். போகவில்லை.